வேலை போனால் எத்தனை நாள்? ஸ்பான்சர் விசாக்களை ஒப்பிட ஓர் அளவுகோல்

முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். "அக்கா, ரெண்டு ஆஃபர் வந்திருக்கு. ஒண்ணு இங்கிலாந்து, இன்னொண்ணு ஜெர்மனி. ரெண்டு கம்பெனியுமே விசா ஸ்பான்சர் பண்றாங்க. எதை எடுக்கறதுன்னு தெரியல." சம்பளம், வரி, வாடகை, ரயில் பாஸ் என்று எல்லாவற்றையும் எக்செல் தாளில் போட்டு வைத்திருந்தான். பார்த்துப் பார்த்துச் செய்த தாள். அதில் இல்லாத ஒன்றைத்தான் நான் கேட்டேன்: "ஏழாவது மாசம் வேலை போச்சுன்னா, அந்த நாட்டுல எத்தனை நாள் இருக்கலாம்?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அதை யாரும் சொல்லலையே அக்கா" என்றான்.

எனக்கும் ஒரு காலத்தில் யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருந்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேலை போனது. வேறு நிறுவனம் எனக்காக மனு போட 60 நாள்தான் அவகாசம். அன்று மாலை சமையலறை நாட்காட்டியில் 60 கட்டங்களைப் பென்சிலால் எண்ணி, கடைசிக் கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டேன். அடுத்த நிறுவனம் எனக்காக மனு போட்டது 52-ஆவது நாள். அந்த 52 நாளில் கற்றுக்கொண்டதை எட்டு வருட வேலையில்கூட நான் கற்றுக்கொள்ளவில்லை. அதனால்தான், யார் வந்து "எந்த நாடு நல்லது?" என்று கேட்டாலும், விசா கிடைக்கும் நாளை விட்டுவிட்டு வேலை போகும் நாளிலிருந்து கணக்கைத் தொடங்கச் சொல்கிறேன். கீழே இருக்கும் ஒப்பீடும் அப்படித்தான் போகும். விதிகளும் தொகைகளும் 2026 தொடக்க நிலவரப்படி. விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொதுவான அமைப்பு. ஸ்பான்சர் விசா என்றால் நிறுவனம் நம் கையில் விசாவைத் தருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். விசாவைத் தருவது அரசு. அதற்குமுன் அரசு மூன்று கேள்விகள் கேட்கிறது. இந்த நிறுவனம் வெளிநாட்டு ஆளை எடுக்கத் தகுதியானதா? இந்த வேலை வெளிநாட்டு ஆளுக்குத் தரத்தக்க வேலையா, சம்பளம் நியாயமா? இந்த ஆள் அந்த வேலைக்குத் தகுதியானவரா? எல்லா நாட்டிலும் இந்த மூன்றும் உண்டு. எதை எவ்வளவு அழுத்திக் கேட்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். பிரிட்டன் முதல் கேள்வியில் கறார். கனடா இரண்டாவதில். ஜெர்மனிக்கு மூன்றாவது. அமெரிக்கா மூன்றையும் கேட்டுவிட்டு, கூடவே குலுக்கலும் வைத்திருக்கிறது.

எச்-1பி: குலுக்கலுக்கு முன்னும் பின்னும்

1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் பிறந்தது எச்-1பி. பட்டப்படிப்பு தேவைப்படும் சிறப்பு வேலைகளுக்கானது. ஆண்டுக்கு 65,000 இடங்கள், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000. மார்ச் மாதத்தில் நிறுவனம் நம் பெயரை இணையத்தில் பதிவு செய்யும். கட்டணம் 215 டாலர். குலுக்கலில் தேர்வானால் ஏப்ரல் முதல் முழு மனு, அக்டோபர் 1-ல் வேலை. 2026 நிதியாண்டுக்கு வந்த தகுதியான பதிவுகள் 3,43,981. அவற்றில் தேர்வானவை 1,20,141. அதற்கு இரண்டு வருடம் முன்பு பதிவுகள் ஏழரை லட்சத்தைத் தாண்டியிருந்தன. ஒரே ஆளை நாலைந்து நிறுவனங்கள் பதிவு செய்து வாய்ப்பைப் பெருக்கிய காலம் அது. 2024-லிருந்து எத்தனை நிறுவனம் பதிவு செய்தாலும் ஒரு பாஸ்போர்ட்டுக்கு ஒரே சீட்டுதான். நேர்மையாக ஒரே பதிவோடு காத்திருந்தவர்களுக்கு இது பெரிய நியாயம் என்பேன்.

அடுத்தடுத்து வந்த இரண்டு மாற்றங்கள் ஆட்டத்தையே மாற்றிவிட்டன. 2025 செப்டம்பர் 21 முதல், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடப்படும் புதிய எச்-1பி மனுவுக்கு நிறுவனம் 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று அதிபரின் ஆணை வந்தது. உள்ளேயே மாணவர் விசாவில் இருந்து எச்-1பிக்கு மாறுபவருக்கு இது பொருந்தாது என்று குடியேற்றத் துறை பிறகு விளக்கியது. இரண்டாவது, 2026 பிப்ரவரி இறுதியில் நடைமுறைக்கு வந்த எடையிட்ட தேர்வு: தொழிலாளர் துறை ஒவ்வொரு வேலைக்கும் வகுக்கும் நான்கு சம்பள நிலைகளில் மேலான நான்காவதில் இருப்பவரின் பெயர் நான்கு தடவை குலுக்கலில் போகும், நிலை ஒன்றில் இருப்பவருக்கு ஒரு தடவை.

இதன் பொருள் என்ன? வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு மூன்று வருட அனுபவத்தோடு எச்-1பிக்காகக் காத்திருப்பது இன்று ஒரு திட்டமே இல்லை. ஒரு லட்சம் டாலரை ஒரு நிறுவனம் ஒரு நடுநிலைப் பொறியாளருக்காகக் கட்டாது. அங்கேயே படித்து முடிப்பவருக்கும், ஏற்கெனவே எச்-1பியில் உள்ளே இருப்பவருக்கும்தான் அந்த வழி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆராய்ச்சிப் பக்கம் இருப்பவர்கள் மட்டும் இன்னொன்றைப் பார்க்கலாம்: பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த லாப நோக்கற்ற அமைப்புகளும் 65,000 கணக்கில் வராது. குலுக்கல் இல்லை, வருடம் முழுக்க மனு போடலாம்.

பன்னாட்டு நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு எல்-1 என்ற இடமாற்ற விசா உண்டு. கடந்த மூன்று ஆண்டுகளில் ஓராண்டாவது அதே நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளையில் வேலை செய்திருக்க வேண்டும். எண்ணிக்கை வரம்பு இல்லை. மேலாளர் என்றால் மொத்தம் 7 ஆண்டு, சிறப்பு அறிவு என்ற பிரிவில் 5 ஆண்டு. ஆனால் எல்-1-ல் நிறுவனம் மாறவே முடியாது. என் அளவுகோலில் அது பெரிய ஓட்டை.

எச்-1பியில் வேலை போனால் 60 நாள். அந்தக் கடிகாரம் யாரும் கடிதம் அனுப்பாமலேயே வேலையின் கடைசி நாளிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும். மறுபக்கம், எச்-1பிக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. புதிய நிறுவனம் மனுவைக் கொடுத்து ரசீது வந்துவிட்டாலே வேலையில் சேரலாம், ஒப்புதல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 52-ஆவது நாளில் என்னைக் காப்பாற்றியது அந்த ரசீதுதான்.

ஒரு காகிதத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எல்.சி.ஏ. என்று எல்லோரும் சொல்வார்கள். நிறுவனம் தொழிலாளர் துறைக்குக் கொடுக்கும் உறுதிமொழிப் படிவம் அது. வேலையில் சேரும் நாளுக்குள் அதன் நகலை நமக்குத் தர வேண்டும் என்பது விதி. அதில் வேலையின் குறியீடு, பணியிடத்தின் முகவரி, சம்பள நிலை ஒன்றா இரண்டா என்பது எல்லாம் இருக்கும். பத்து வருட அனுபவம் இருப்பவரை நிலை ஒன்றில் காட்டியிருந்தால், அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும்.

நிரந்தர வசிப்புரிமைதான் அமெரிக்க வழியின் ஆறாத புண். வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. குடும்பத்தாரும் அதற்குள்தான் அடக்கம். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவில் பிறந்தவர்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாக வரிசையில் நிற்பது இதனால்தான். இங்கே பலர் கவனிக்காத ஒன்று: கணக்கில் எடுக்கப்படுவது பிறந்த நாடு, கையில் இருக்கும் பாஸ்போர்ட் இல்லை. யாழ்ப்பாணத்திலோ மலேசியாவின் ஈப்போவிலோ பிறந்த தமிழர் இந்திய வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கணவன் மனைவி இருவரில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால், அவர் பிறந்த நாட்டின் வரிசையை மற்றவரும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது தெரியாமல் தவறான வரிசையில் வருடக்கணக்கில் நின்ற ஒரு தம்பதியை எனக்குத் தெரியும்.

பிரிட்டன்: கதவு திறந்திருக்கிறது, நுழைவுச் செலவு அதிகம்

பிரிட்டனின் ஸ்கில்டு வொர்க்கர் விசா 2020 டிசம்பர் 1-ல் பழைய டியர் 2 விசாவுக்குப் பதிலாக வந்தது. குலுக்கல் இல்லை. எண்ணிக்கை வரம்பும் இல்லை. நிறுவனத்திடம் உள்துறை அலுவலகத்தின் ஸ்பான்சர் உரிமம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உரிமம் உள்ள நிறுவனங்களின் முழுப் பட்டியலையும் அரசே இணையத்தில் வைத்திருக்கிறது. ஆஃபர் வந்த அன்றே முதல் வேலையாக அதில் பெயரைத் தேடுங்கள். "உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்று சொல்பவர்களை நம்பி இருக்கும் வேலையை விடாதீர்கள்.

நிறுவனம் நமக்குத் தருவதை ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் என்கிறார்கள். பெயர்தான் சான்றிதழ். உண்மையில் அது கணினியில் உருவாகும் ஒரு குறிப்பு எண். வேலைக் குறியீடு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எல்லாம் அந்த எண்ணுக்குப் பின்னால் பதிவாகியிருக்கும். எண்ணை மட்டும் அனுப்பினால் போதாது, விவரங்களின் பிரதியையும் கேளுங்கள். மூன்று மாதத்துக்குள் அதை வைத்து விண்ணப்பிக்க வேண்டும்.

சம்பள வரம்பு வேகமாக ஏறிவிட்டது. 2024 ஏப்ரலில் 38,700 பவுண்டு, 2025 ஜூலை 22 முதல் 41,700 பவுண்டு. இதுவும் அந்த வேலைக்கென அரசு நிர்ணயித்த விகிதமும் ஒப்பிடப்பட்டு, எது அதிகமோ அதுவே செல்லும். மென்பொருள் வேலைகளுக்கு அந்த விகிதம் 41,700-ஐத் தாண்டியே இருக்கிறது. அதே ஜூலையில் திறன் நிலையைப் பட்டப்படிப்பு அளவுக்கு உயர்த்தினார்கள், முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். 2026 ஜனவரி 8 முதல் ஆங்கிலத் தேர்வும் பி1 என்ற இடைநிலையிலிருந்து பி2 என்ற உயர் இடைநிலைக்குப் போய்விட்டது.

செலவைப் பார்த்தால்தான் திகைப்பு. அரசு மருத்துவச் சேவைக்கான மருத்துவக் கூடுதல் கட்டணம் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776. விசாக் காலம் முழுமைக்கும் முன்பணமாகக் கட்ட வேண்டும். கணவன், மனைவி, ஒரு குழந்தை ஐந்து ஆண்டுக்கு விண்ணப்பித்தால் இது மட்டுமே 14,230 பவுண்டு. விசாக் கட்டணம் இதற்கு மேல். இதில் எவ்வளவை நிறுவனம் ஏற்கிறது என்பதைச் சம்பளப் பேச்சுக்கு முன்பே பேசிவிட வேண்டும். ஆண்டுக்கு 3,000 பவுண்டு கூடுதலாகக் கேட்டு வாங்குவதைவிட இந்தத் தொகையைக் கட்ட வைப்பது பல சமயம் லாபம்.

வேலை போனால்? நிறுவனம் பத்து வேலை நாட்களுக்குள் உள்துறைக்குத் தெரிவிக்கும். பிறகு விசாவைச் சுருக்கி ஒரு கடிதம் வரும். அதிலிருந்து 60 நாள், அல்லது விசாவில் மிச்சமுள்ள காலம், எது குறைவோ அது. அமெரிக்காவைவிடக் கொஞ்சம் மூச்சு விடலாம், கடிகாரம் கடிதத்திலிருந்துதானே ஓடுகிறது. ஆனால் புதிய வேலையில் சேரப் புதிய சான்றிதழ், புதிய விண்ணப்பம், அது ஏற்கப்படும் வரை காத்திருப்பு. ரசீதை வைத்துக்கொண்டு சேர முடியாது.

நிரந்தர வசிப்புரிமை ஐந்து ஆண்டில் கிடைத்துவந்தது. அதைப் பொதுவாகப் பத்தாண்டாக்கும் திட்டத்தை 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அரசு முன்வைத்தது. இப்போது கிளம்புகிறவர்கள் பத்து என்றே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

ஜெர்மனி: சான்றிதழ்தான் ஸ்பான்சர்

உயர்திறன் ஊழியர்களுக்கான வேலை அனுமதியான ஐரோப்பிய ஒன்றியத்தின் பிளூ கார்டை டென்மார்க், அயர்லாந்து தவிர மற்ற 25 நாடுகளும் தருகின்றன. ஜெர்மனியில் அதன் விதிகள் 2023 நவம்பரில் தளர்ந்தன. இங்கே நிறுவனத்துக்கு உரிமம் தேவையில்லை. சிறிய நிறுவனம்கூட ஒரு வேலை ஒப்பந்தம் கொடுத்தால் போதும். 2026-க்கான சம்பள வரம்பு ஆண்டுக்கு 50,700 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளுக்கும், பட்டம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்கும் 45,934.20 யூரோ. ஐ.டி. துறையில் பட்டம் இல்லாவிட்டாலும், பட்டதாரிக்கு இணையான மூன்று ஆண்டு அனுபவத்தைக் காட்டி வாங்கலாம். விசாக் கட்டணம் 75 யூரோ. பிரிட்டன் கணக்கைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் ஏதோ ஒரு பூஜ்யம் விட்டுப்போய்விட்டதோ என்று தோன்றும், விட்டுப்போகவில்லை.

சிக்கல் வேறு இடத்தில். நம் படிப்பு ஜெர்மன் பட்டத்துக்கு இணையானது என்று நிரூபிக்க வேண்டும். அனபின் என்ற அரசுத் தரவுத்தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயருக்குப் பக்கத்தில் எச் பிளஸ் என்ற அங்கீகாரக் குறி இருக்க வேண்டும், பட்டமும் இணையானது என்று பதிவாகியிருக்க வேண்டும். அமெரிக்காவுக்குப் பிறகு ஜெர்மனிக்குப் போக நான் முயன்றபோது, இரவு பதினோரு மணிக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது. முழுக்க ஜெர்மன் மொழி. பல்கலைக்கழகத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், எச் பிளஸ் இருந்தது. என் பட்டத்தின் பெயர்தான் பட்டியலில் இல்லை. எழுத்துக்கூட்டை மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் தேடினேன். கடைசியில் வெளிநாட்டுக் கல்விக்கான மைய அலுவலகத்துக்கு 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டியதாயிற்று. ஆகவே ஜெர்மனியை மனதில் வைத்திருப்பவர்கள் நேர்காணலுக்கு முன்பே இந்தத் தேடலை முடித்துவிடுங்கள். ஆஃபர் கையில் இருக்கும்போது சான்றுக்காகக் காத்திருப்பது மிகவும் பதற்றமான காரியம்.

தூதரகத்தில் நேரம் கிடைக்காமல் அவதிப்படுபவர்களுக்கு விரைவு நடைமுறை ஒன்று உண்டு. நம் சார்பில் நிறுவனமே அங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டித் தொடங்கும். அதற்கு நாம் ஒரு அதிகாரப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பல நிறுவனங்களின் மனிதவளத் துறைக்கே இது தெரியாது, நாமே எடுத்துச் சொல்ல வேண்டும்.

என் அளவுகோலில் ஜெர்மனி ஒரு படி மேலே நிற்கிறது. முதல் 12 மாதத்துக்குள் வேலை மாறினால் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் 30 நாள் நிறுத்திவைத்துப் பார்க்கலாம். அதற்குப் பிறகு மாறுவது நம் இஷ்டம். வேலை போனாலும், பிளூ கார்டு வாங்கி இரண்டு ஆண்டு ஆகாதவர் மூன்று மாதம் வரை, அதற்கு மேல் ஆனவர் ஆறு மாதம் வரை வேலையில்லாமல் இருந்தாலும் அதைக் காரணம் காட்டிக் கார்டைப் பறிக்கக் கூடாது என்று 2021-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறை சொல்கிறது. கடந்த 30 மாதத்தில் 12 மாதம் காப்பீட்டுப் பணம் கட்டியிருந்தால் வேலையில்லாக் காலப் படியும் உண்டு. நிரந்தர வசிப்புரிமை 27 மாதத்தில், ஜெர்மன் பி1 நிலை தேறினால் 21 மாதத்தில். 52 நாள் பென்சிலோடு உட்கார்ந்திருந்த எனக்கு, இதை முதன்முதலில் படித்தபோது கண் கலங்கிவிட்டது.

மொழி ஒன்றுதான் தடை. அலுவலகத்தில் ஆங்கிலம் போதும் என்பார்கள். வேலை போன பிறகு அடுத்த வேலை தேடும்போதுதான், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு எத்தனை கதவுகள் மூடியிருக்கின்றன என்பது தெரியும். போன முதல் வாரமே வகுப்பில் சேருங்கள்.

கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர்

கனடாவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நிறுவனம் உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி எல்.எம்.ஐ.ஏ. என்ற ஒப்புதலை வாங்க வேண்டும். ஒரு பணியிடத்துக்கு 1,000 கனடிய டாலர், அதை நம்மிடம் வசூலிக்கக் கூடாது. 2017-ல் உயர்திறன் ஆட்களுக்காகத் தொடங்கிய குளோபல் டேலன்ட் ஸ்ட்ரீம் பிரிவில் வந்தால் பத்து வேலை நாளில் ஒப்புதல் தருவது இலக்கு. வரும் அனுமதி அந்த ஒரு நிறுவனத்தோடு கட்டப்பட்டது. முன்பு வேலை ஆஃபருக்கு, நிரந்தர வசிப்புரிமைக்கு (பி.ஆர்.) ஆள் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளி முறையில் கூடுதல் புள்ளி இருந்ததால் எல்.எம்.ஐ.ஏ.வையே காசுக்கு விற்கும் கூட்டம் பெருகியது. 2025 மார்ச் 25 முதல் அந்தப் புள்ளிகளை எடுத்துவிட்டார்கள். ஆகவே இன்றும் "எல்.எம்.ஐ.ஏ. வாங்கித் தருகிறேன், பி.ஆர். புள்ளி ஏறும்" என்று சொல்பவர் பொய் சொல்கிறார்.

ஆஸ்திரேலியாவைத்தான் பலர் போதிய அளவு கவனிப்பதில்லை. 2024 டிசம்பர் 7 முதல் பழைய தற்காலிகத் திறன் விசாவுக்குப் பதிலாக, அதே 482 என்ற எண்ணில், ஸ்கில்ஸ் இன் டிமாண்ட் என்ற பெயரில் புதியது வந்தது. 456 தொழில்கள் கொண்ட பட்டியலில் நம் தொழில் இருக்க வேண்டும், ஓராண்டு முழுநேர அனுபவம் போதும், 2025 ஜூலை முதல் சம்பளம் குறைந்தது 76,515 ஆஸ்திரேலிய டாலர். நிறுவனம் ஸ்பான்சராக ஏற்கப்படுவது, பணியிடத்தை முன்மொழிவது, பிறகு நம் விசா என்று மூன்று படி. வேலை போனால் 180 நாள்! மொத்த விசாக் காலத்தில் 365 நாள் வரை. அந்த நாட்களில் வேறு நிறுவனத்தில், வேறு தொழிலில்கூட வேலை செய்து சம்பாதிக்கலாம். 2024 ஜூலையில் வந்த இந்த விதிக்கு முன்பு 60 நாள்தான் இருந்தது. ஊழியரைச் சுரண்டும் முதலாளியிடமிருந்து பயமில்லாமல் விலக வேண்டும் என்பதற்காகவே நீட்டினார்கள். இரண்டு ஆண்டு ஸ்பான்சரிடம் வேலை செய்தபின் 186 என்ற நிரந்தர விசாவுக்கு நிறுவனம் முன்மொழியலாம்.

சிங்கப்பூரின் எம்ப்ளாய்மென்ட் பாஸ் வேகமானது, ஆனால் கறாரானது. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் டாலர், நிதித் துறைக்கு 6,200, வயது ஏற ஏற வரம்பும் ஏறும். நிறுவனம் 14 நாள் உள்ளூர் விளம்பரம் செய்ய வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து காம்பஸ் என்ற புள்ளி முறையும் சேர்ந்தது, 40 புள்ளி தேற வேண்டும். அதில் ஒரு பகுதி நிறுவனத்தைப் பொறுத்தது. அங்கே தொழில்முறை ஊழியர்களில் நம் நாட்டுக்காரர்கள் 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பன்முகத்தன்மைக்குப் புள்ளி பூஜ்யம், 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் 20. அதே ஆள், அதே சம்பளம், வேறு நிறுவனத்தில் தேறிவிடலாம். நிராகரிப்பு வந்தால் தன் தகுதியையே சந்தேகித்து நொந்துபோகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள் தங்கலாம். எல்லாவற்றிலும் குறைந்த அவகாசம் இதுதான்.

துணையின் வேலை

திருமணமானவர்கள் இதைத் தனி வரியாக வைத்துப் பார்க்க வேண்டும். பிளூ கார்டுக்காரரின் துணைக்கு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, போன உடனே வேலை செய்யலாம். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அப்படியே. அமெரிக்காவில் எச்-1பிக்காரரின் துணை எச்-4 விசாவில் வருவார், அவருக்குப் பொதுவாக கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்ட பிறகே வேலை அனுமதி. சிங்கப்பூரில் 2021 மே முதல் துணையும் தனக்கென ஒரு வேலை பாஸ் வாங்க வேண்டும். கனடாவில் 2025 ஜனவரியிலிருந்து உயர்திறன் பிரிவினரின் துணைக்கும், தேர்ந்தெடுத்த சில தொழில்காரர்களின் துணைக்கும் மட்டும். நன்கு படித்த, வேலையில் பெயர் எடுத்த பெண்கள் எச்-4-ல் ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் இருந்து தன்னம்பிக்கையை இழப்பதைப் பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறேன். சம்பளக் கணக்கில் அது எங்கும் தெரியாது.

யார் பணம் கட்டுவது

அமெரிக்காவில் எச்-1பி பயிற்சிக் கட்டணத்தையும் மோசடித் தடுப்புக் கட்டணத்தையும் நிறுவனம்தான் கட்ட வேண்டும். பிரிட்டனில் ஸ்பான்சர் செய்வதற்காக நிறுவனம் அரசுக்குக் கட்டும் குடியேற்றத் திறன் கட்டணத்தை ஊழியர் தலையில் கட்டக் கூடாது. 2024 டிசம்பர் 31 முதல் சான்றிதழ் கட்டணத்துக்கும் உரிமக் கட்டணத்துக்கும் அதே தடை. ஆஸ்திரேலியாவில் ஸ்பான்சர் செய்யப் பணம் கேட்பதும் சட்டவிரோதம், கொடுப்பதும் சட்டவிரோதம், 2015 டிசம்பரிலிருந்து. "விசாவுக்கு இவ்வளவு ஆகும், பாதியை நீங்கள் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது பேரம் பேசும் இடமில்லை, எழுந்து வர வேண்டிய இடம்.

நேரடியாகக் கேட்காமல் ஒப்பந்தத்தில் சொருகும் வழியும் உண்டு. தம்பி அனுப்பிய இங்கிலாந்து ஆஃபரில் பதினோராம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது: 24 மாதத்துக்குள் விலகினால் "நிறுவனம் விசா தொடர்பாகச் செய்த அனைத்துச் செலவுகளையும்" ஊழியர் திருப்பித் தர வேண்டும். அந்த "அனைத்து" என்ற ஒரு சொல்லுக்குள் சட்டம் தடுத்திருக்கும் கட்டணங்களும் ஒளிந்திருந்தன. அவன் விசாக் கட்டணத்தையும் மருத்துவக் கட்டணத்தையும் மட்டும் திருப்பித் தருவதாக, அதுவும் மாதத்துக்கு மாதம் குறையும்படி மாற்றச் சொல்லி எழுதச் சொன்னேன். "கேட்டா ஆஃபரையே எடுத்துருவாங்களோ அக்கா?" என்று பயந்தான். மூன்றாம் நாள் திருத்திய பக்கம் வந்தது, கூடவே சிறிய மன்னிப்பும்.

அவன் முடிவு என்ன ஆனது? என் அளவுகோலை மட்டும் வைத்தால் ஜெர்மனிதான். நானும் அப்படித்தான் முதலில் சொன்னேன். பிறகு அவன் மனைவி போனை வாங்கிப் பேசினாள். அவள் செவிலியர், ஆறு வருட அனுபவம். ஜெர்மனியில் செவிலியராக வேலை செய்ய ஜெர்மன் பி2 நிலையும் பட்ட அங்கீகாரமும் வேண்டும். எவ்வளவு முயன்றாலும் ஒன்றரை இரண்டு வருடம் போய்விடும். பிரிட்டனில் ஆங்கிலத்திலேயே செவிலியர் கவுன்சிலின் கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். அவள் அவனுடைய துணையாகப் போனாலும் வேலை செய்யலாம். அவன் வேலை போனால் துணை விசாவும் சேர்ந்து போகும் என்று நான் எச்சரித்தபோது, அவளே கேட்டாள்: "அப்ப நான் பிரதான விண்ணப்பதாரரா மாறி, அவரு என் துணையா வரலாம்ல அக்கா?" வரலாம். மருத்துவமனை ஸ்பான்சர் செய்தால் ஹெல்த் அண்ட் கேர் விசாவுக்கு அவளே தகுதி, மருத்துவக் கூடுதல் கட்டணமும் அதில் கிடையாது. குடும்பத்தை அழைத்துவரத் தடை பராமரிப்புப் பணியாளருக்கு உண்டு, பதிவுபெற்ற செவிலியருக்கு இல்லை.

ஆக, அவர்கள் கையில் 60 நாள் கடிதம் வந்தாலும் வீட்டில் இரண்டாவது ஸ்பான்சர் விசாவுக்கு ஒருவர் தயாராக இருப்பார். இங்கிலாந்தையே எடுத்தார்கள். அவள் கணினித் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டாள், அவன் சான்றிதழ் எண்ணுக்காகக் காத்திருக்கிறான். விசாவை மூன்று ஆண்டுக்கு வாங்குவதா ஐந்து ஆண்டுக்கு வாங்குவதா என்று நேற்று கேட்டான். மருத்துவக் கட்டணம் முன்பணம் என்பதாலும், அவள் பெயரில் விசா மாறும் வாய்ப்பு இருப்பதாலும், மூன்று என்றேன்.